அமெரிக்க அரசியலறிவுத் தேர்வுகள்: வாக்குரிமையும் குடியுரிமையும்

ஒரு நாட்டின் அரசு எவ்வாறு இயங்குகிறது என்பதைக் குடிமக்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் அந்த அறிவைத் தேர்வு வைத்து அளக்கலாமா, அளந்தால் யார் அளப்பது, தேர்வில் தவறியவருக்கு என்ன நேரும் என்னும் கேள்விகளுக்கு எளிய விடை இல்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றில் இக்கேள்விகள் நூறாண்டுகளுக்கும் மேலாக எழுந்து வந்துள்ளன. அங்கு அரசியலறிவுத் தேர்வு மூன்று இடங்களில் நடத்தப்பட்டது. வாக்காளராகப் பதிவு செய்ய வந்தவர்களுக்கு நடத்தப்பட்டது முதலாவது. குடியுரிமை கோரி வந்த குடியேறிகளுக்கு நடத்தப்படுவது இரண்டாவது. பள்ளி மாணவர்களுக்கு நடத்தப்படுவது மூன்றாவது. இவற்றுள் முதலாவது இன்று சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது. மற்ற இரண்டும் தொடர்கின்றன. மூன்றிலும் கேட்கப்பட்ட வினாக்கள் பல இடங்களில் ஒன்றுபோலவே இருந்தன. அவற்றின் விளைவுகளோ முற்றிலும் வேறானவை.

தொடக்கம்

வாக்களிப்பவர் எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்னும் நிபந்தனை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் தோன்றியதன்று. அது வடக்கில்தான் முதலில் வந்தது. கனெடிகட் மாநிலம் 1855ஆம் ஆண்டிலும், மாசசூசெட்ஸ் மாநிலம் 1857ஆம் ஆண்டிலும் இந்நிபந்தனையைக் கொண்டு வந்தன. அக்காலத்தில் அயர்லாந்திலிருந்து கத்தோலிக்கக் குடியேறிகள் பெருந்தொகையாக வந்து கொண்டிருந்தனர். அவர்களுடைய வாக்குகள் தேர்தல் முடிவை மாற்றிவிடும் என்னும் அச்சம் முன்பே குடியேறியிருந்த புரட்டஸ்தாந்தரிடையே பரவியிருந்தது. அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது பார்வைக்கு நியாயமான நிபந்தனையாகத் தோன்றினாலும், அது எழுந்த காரணம் அறிவைப் பற்றிய அக்கறை மட்டுமன்று.

உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அவ்வாண்டில் பதின்மூன்றாம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868இல் பதினான்காம் திருத்தம் நாட்டில் பிறந்த அனைவருக்கும் குடியுரிமையும் சட்டத்தின் சமமான பாதுகாப்பும் அளித்தது. 1870இல் பதினைந்தாம் திருத்தம், இனம், நிறம், முன்னைய அடிமை நிலை ஆகியவற்றைக் காரணம் காட்டி எவருக்கும் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. அதே ஆண்டில் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த ஹைரம் ரெவல்ஸ் அமெரிக்கச் செனட் அவையில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவரானார். மறுசீரமைப்புக் காலம் எனப்படும் இக்காலத்தில் தென் மாநிலங்களின் சட்டமன்றங்களிலும் கறுப்பின உறுப்பினர்கள் பலர் இடம்பெற்றனர்.

1877இல் மறுசீரமைப்புக் காலம் முடிவுக்கு வந்தது. அதன்பின் தென் மாநிலங்களில் ஆட்சி மீண்டும் வெள்ளையர் கட்சியின் கைக்கு மாறியது. வன்முறையாலும் வாக்குப்பெட்டி மோசடியாலும் கறுப்பின வாக்காளர்கள் அடக்கப்பட்டனர். ஆயினும் பதினைந்தாம் திருத்தம் அரசியலமைப்பில் இருந்தது. அதனை வெளிப்படையாக மீறாமல் அதன் நோக்கத்தை முறியடிக்கும் வழி தேவைப்பட்டது. அந்த வழியாக அமைந்ததே தேர்வு.

எட்டுப் பெட்டிகளும் மிசிசிப்பித் திட்டமும்

தென் கரொலைனா 1882இல் இயற்றிய சட்டம் எட்டுப் பெட்டிச் சட்டம் என்று பெயர் பெற்றது. ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனி வாக்குப்பெட்டி வைக்கப்பட்டது. பெட்டியின் மேல் பதவியின் பெயர் எழுதப்பட்டிருக்கும். ஆளுநருக்கான வாக்குச்சீட்டை வேறொரு பெட்டியில் போட்டால் அந்த வாக்கு செல்லாது. படிக்கத் தெரியாதவர் எந்தப் பெட்டி எதற்குரியது என்று அறிய முடியாது. தேர்வு என்னும் சொல்லையே பயன்படுத்தாமல் நடத்தப்பட்ட எழுத்தறிவுத் தேர்வு இது.

மிசிசிப்பி மாநிலம் இதனை அரசியலமைப்பு விதியாகவே ஆக்கியது. அம்மாநில மக்களுள் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். 1890இல் புதிய மாநில அரசியலமைப்பை வகுக்கக் கூடிய பேரவையில் ஒரே ஒரு கறுப்பின உறுப்பினர் மட்டுமே இருந்தார். அப்பேரவை வகுத்த அரசியலமைப்பின்படி வாக்களிக்க விரும்புவோர் இரண்டு டாலர் தலைவரி செலுத்த வேண்டும். மேலும் மாநில அரசியலமைப்பின் ஏதேனும் ஒரு பிரிவைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால், பிறர் படிக்கக் கேட்டுப் புரிந்துகொள்ளவோ அதற்கு ஏற்புடைய விளக்கம் தரவோ வேண்டும்.

இவ்விதியின் பிற்பகுதி 'புரிந்துகொள்ளல் விதி' என அழைக்கப்பட்டது. படிப்பறிவில்லாத வெள்ளையரும் அம்மாநிலத்தில் ஏராளமாக இருந்தனர். அவர்களையும் தேர்வு வெளியே தள்ளிவிடக் கூடாது. எந்தப் பிரிவைக் கேட்பது, எந்த விளக்கம் ஏற்புடையது என்னும் முடிவு பதிவு அலுவலரிடம் விடப்பட்டது. வெள்ளையருக்கு ஒரு வரி கொண்ட எளிய பிரிவையும், கறுப்பினத்தவருக்குச் சட்ட வல்லுநர்களே தயங்கும் நீண்ட பிரிவையும் அவர் கொடுக்கலாம். விதியின் எழுத்தில் இனம் என்னும் சொல்லே இல்லை.

பிற மாநிலங்கள் இவ்வழியைப் பின்பற்றின. தென் கரொலைனா 1895இலும், லூசியானா 1898இலும், வட கரொலைனா 1900இலும், அலபாமா 1901இலும், வர்ஜீனியா 1902இலும் இத்தகைய விதிகளை இயற்றின. லூசியானா இவற்றுடன் 'பாட்டன் விதி' ஒன்றையும் சேர்த்தது. 1867ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலோ அதற்கு முன்போ வாக்குரிமை பெற்றிருந்தவரும், அவருடைய மகனும் பேரனும் தேர்வு எழுத வேண்டியதில்லை என்பது அவ்விதி. அந்நாளில் லூசியானாவின் கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை இல்லை. எனவே விலக்கு யாருக்குக் கிடைக்கும் என்பது எவருக்கும் விளங்கும்.

விளைவு விரைவாகத் தெரிந்தது. லூசியானாவில் 1896இல் பதிவு பெற்றிருந்த கறுப்பின வாக்காளர்கள் 130,334 பேர். 1904இல் அவ்வெண்ணிக்கை 1,342 ஆகக் குறைந்தது. எட்டு ஆண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் வாக்காளர் பட்டியலிலிருந்து மறைந்தனர்.

தேர்வு நடந்த முறை

பொதுவாக ஒரு தேர்வு என்றால் பாடத்திட்டம் இருக்கும், மதிப்பெண் இருக்கும், தேர்ச்சிக்கு ஓர் எல்லை இருக்கும், தவறு நேர்ந்தால் மறுமதிப்பீடு கோரலாம். தென் மாநிலங்களின் வாக்காளர் தேர்வில் இவற்றுள் பெரும்பாலானவை இல்லை. வினாவைத் தேர்ந்தெடுப்பவரும், விடையைத் திருத்துபவரும், முடிவைச் சொல்பவரும் ஒருவரே. அவர் அரசியலமைப்பைக் கற்றவராக இருக்க வேண்டும் என்னும் விதி கிடையாது.

மிசிசிப்பியில் 1954இல் நிறைவேறிய திருத்தம் தேர்வை மேலும் கடுமையாக்கியது. படித்தல், விளங்குதல் ஆகிய இரண்டில் ஒன்று போதும் என்றிருந்த நிலை மாறி, படிக்கவும் எழுதவும் தெரிந்திருப்பதோடு எழுத்தில் விளக்கமும் தர வேண்டும் என்றாயிற்று. குடிமகனின் கடமைகள் யாவை என்பதைப் பற்றியும் விண்ணப்பதாரர் எழுத வேண்டும். பின்னர் வந்த சட்டம் ஒன்று, விண்ணப்பித்தவர்களின் பெயர்களைச் செய்தித்தாளில் வெளியிடவும் வழிசெய்தது. பெயர் வெளிவந்தால் வேலை பறிபோகலாம், கடன் மறுக்கப்படலாம், வீடு தாக்கப்படலாம். தேர்வுக்கு முன்பே நடந்த தேர்வு இது எனலாம்.

அலபாமாவில் 1960களின் நடுப்பகுதியில் வழங்கிய வினாத்தாள்கள் அமெரிக்க அரசின் அமைப்பைப் பற்றிய வினாக்களைக் கொண்டிருந்தன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஐந்தாண்டுக்கு ஒரு முறை நடைபெறுகிறது என்பது சரியா, தவறா? குற்றம் சாட்டப்பட்டவருக்கு உள்ள உரிமைகளில் இரண்டைக் கூறுக. இவ்வாறான வினாக்கள் அவற்றில் இருந்தன. தனித்தனியே பார்த்தால் இவை பள்ளிப் பாடநூலின் பயிற்சி வினாக்களைப் போன்றவையே. விடை தெரிந்தவரும் தோல்வியடைந்ததாக அறிவிக்கப்பட்டார் என்பதே வேறுபாடு. டஸ்கேகி கல்வி நிறுவனம் அமைந்திருந்த மேக்கன் கவுண்டியில் கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பின ஆசிரியர்களும் பதிவு மறுக்கப்பட்டனர்.

லூசியானாவில் நடந்தவற்றை உச்ச நீதிமன்றமே பதிவு செய்துள்ளது. வெள்ளையர் ஒருவர் பேச்சுரிமை என்னும் பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களை, அடையாளம் காண்பதே கடினமாகும் அளவுக்கு எழுத்துப்பிழையுடன் எழுதித் தந்தார். அது ஏற்புடைய விளக்கமாகக் கொள்ளப்பட்டது. கறுப்பினத்தவர் ஒருவர், ஒருவரைச் சோதனையிட வேண்டுமானால் அதிகாரம் பெற்றவர் ஆணையைக் காட்ட வேண்டும் என்னும் பொருளில் விளக்கம் எழுதினார். அது நிராகரிக்கப்பட்டது.

ஃபேனி லூ ஹேமரின் அனுபவம் இத்தேர்வின் தன்மையைத் தெளிவாகக் காட்டும். மிசிசிப்பியின் பருத்திப் பண்ணை ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்தவர் அவர். 1962 ஆகஸ்ட் 31 அன்று மேலும் பதினேழு பேருடன் பேருந்தில் இண்டியனோலா நகருக்குச் சென்று வாக்காளராகப் பதிவு செய்ய முயன்றார். நடந்து முடிந்த செயலைப் பின்னர் இயற்றப்படும் சட்டத்தால் குற்றமாக்குவது பற்றிய மாநில அரசியலமைப்புப் பிரிவு அவருக்குக் கொடுக்கப்பட்டது. அதனைப் பார்த்து எழுத அவரால் முடிந்தது, விளக்க முடியவில்லை. வீடு திரும்பியதும், விண்ணப்பத்தைத் திரும்பப் பெறாவிட்டால் வெளியேற வேண்டும் எனப் பண்ணை உரிமையாளர் கூறினார். அன்றிரவே அவர் பண்ணையை விட்டு வெளியேறினார். மீண்டும் முயன்று 1963 சனவரியில் தேர்ச்சி பெற்றார். அப்போதும் வாக்களிக்க இயலவில்லை. தலைவரி செலுத்திய சீட்டுகள் அவரிடம் இல்லை.

குடிமைப் பள்ளிகள்

இத்தகைய தேர்வை எதிர்கொள்ள மக்கள் கண்ட வழிகளுள் ஒன்று, அதே தேர்வைக் கற்பித்தலாகும். தென் கரொலைனாவின் கடலோரத்தில் உள்ள ஜான்ஸ் தீவில் எசாவ் ஜென்கின்ஸ் என்பவர் பேருந்து ஓட்டி வந்தார். தீவிலிருந்து சார்ல்ஸ்டன் நகருக்கு வேலைக்குச் செல்வோர் அதில் பயணம் செய்வர். பயண நேரத்தில் அவர்களுக்கு மாநிலத் தேர்தல் விதிகளையும் அரசியலமைப்புப் பகுதிகளையும் அவர் சொல்லிக் கொடுத்தார். பேருந்தில் படிப்பது போதாது, முறையான வகுப்பு வேண்டும் என்னும் எண்ணம் அதிலிருந்து எழுந்தது.

டென்னசியில் இயங்கிய ஹைலேண்டர் மக்கள் பள்ளி அதற்கு உதவியது. செப்டிமா கிளார்க் திட்டத்தை வகுத்தார். இன உரிமைச் சங்கத்தின் உறுப்பினர் நிலையைக் கைவிட மறுத்ததால் 1956இல் சார்ல்ஸ்டன் பள்ளி ஆசிரியர் பணியை இழந்தவர் அவர். 1957 சனவரியில் ஜான்ஸ் தீவில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் முதல் வகுப்பு தொடங்கியது. வந்தவர்கள் பதினான்கு பேர். கற்பித்தவர் பெர்னிஸ் ராபின்சன். அவர் பயிற்சி பெற்ற ஆசிரியர் அல்லர், அழகுக்கலைத் தொழில் செய்தவர். தாம் எதைக் கற்க விரும்புகிறார்கள் என்று மாணவர்களையே அவர் கேட்டார். பைபிள் படிக்க வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும், பெயரைக் கையெழுத்திட வேண்டும் என்றனர். அத்தேவைகளிலிருந்தே பாடம் தொடங்கியது. பின்னரே அரசியலமைப்புப் பகுதிகள் வந்தன.

1961இல் இத்திட்டம் மார்ட்டின் லூதர் கிங் தலைமை வகித்த தெற்குக் கிறித்தவத் தலைமை மாநாட்டின் பொறுப்புக்கு மாறியது. பகலில் வயலிலும் பிறர் வீடுகளிலும் வேலை செய்தவர்கள் பயிற்சி பெற்றுத் தத்தம் ஊரில் இரவு வகுப்பு நடத்தினர். ஹேமரும் இப்பயிற்சி பெற்றவர். 1963 சூனில் அத்தகைய பயிற்சி ஒன்றிலிருந்து திரும்பும் வழியில் மிசிசிப்பியின் வினோனா நகரில் அவர் கைது செய்யப்பட்டுச் சிறையில் கடுமையாகத் தாக்கப்பட்டார்.

குடிமைப் பள்ளிகள் இரண்டு உண்மைகளை வெளிப்படுத்தின. எழுத்தறிவில்லாத முதியவர்கள் சில மாதங்களில் அரசியலமைப்பைப் படிக்கக் கற்றனர். எனவே அறிவின்மை மாற்ற முடியாத நிலையன்று. படித்துத் தேறிய பின்னும் பலருக்குப் பதிவு மறுக்கப்பட்டது. எனவே அறிவின்மை தடைக்கு உண்மையான காரணமும் அன்று.

நீதிமன்றங்களின் போக்கு

இத்தேர்வுகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் நெடுங்காலம் உறுதியான நிலை எடுக்கவில்லை. 1898இல் வில்லியம்ஸ் எதிர் மிசிசிப்பி வழக்கில், மாநில விதியின் எழுத்தில் இன வேறுபாடு இல்லை என்பதால் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1915இல் ஒக்லகோமாவின் பாட்டன் விதி செல்லாது என்றது. ஆனால் எழுத்தறிவுத் தேர்வு என்னும் முறையைத் தொடவில்லை. அலபாமா 1946இல் கொண்டு வந்த திருத்தம், அமெரிக்க அரசியலமைப்பின் எப்பகுதியையும் விண்ணப்பதாரர் புரிந்துகொண்டு விளக்க வேண்டும் என்றது. 1949இல் அது நீக்கப்பட்டது. விளக்கம் என்பதற்கு அளவுகோல் இல்லை, அலுவலரின் விருப்பமே முடிவாகிறது என்பது காரணம்.

1959இல் லாசிட்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக வேறு திசையில் சென்றது. வட கரொலைனாவின் எழுத்தறிவுத் தேர்வு அனைவருக்கும் ஒன்றுபோல நடத்தப்படுமாயின் அது அரசியலமைப்புக்கு மாறானதன்று எனக் கூறியது. எழுதப் படிக்கத் தெரிவதற்கும் வாக்கை அறிவுடன் பயன்படுத்துவதற்கும் தொடர்பு உண்டு என மாநிலம் கருதலாம் என்பது அதன் வாதம். கோட்பாட்டளவில் இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நடைமுறையில்தான் அது பொருந்தவில்லை. தேர்வு அனைவருக்கும் ஒன்றுபோல நடத்தப்படவில்லை. ஒவ்வொரு கவுண்டியாக வழக்குத் தொடுத்து அதனை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

அவ்வழி எவ்வளவு மெதுவானது என்பதற்கு அலபாமாவின் டாலஸ் கவுண்டி சான்றாகும். செல்மா நகர் அங்குதான் உள்ளது. அங்கு வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவர் சுமார் 15,000 பேர். நான்கு ஆண்டுகள் நீதிமன்றத்தில் போராடிய பின், பதிவு பெற்றவர் எண்ணிக்கை 156இலிருந்து 383 ஆக மட்டுமே உயர்ந்தது.

1965ஆம் ஆண்டுச் சட்டம்

1965 மார்ச் 7 அன்று செல்மாவிலிருந்து மாநிலத் தலைநகர் மான்ட்கோமரி நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தினர் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் காவல் படையினரால் தாக்கப்பட்டனர். தொலைக்காட்சியில் அக்காட்சிகள் நாடெங்கும் ஒளிபரப்பாயின. அதற்கு மறுநாள் உச்ச நீதிமன்றம் லூசியானாவின் விளக்கத் தேர்வு செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அதே மாதத்தில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் புதிய வாக்குரிமைச் சட்டத்தைக் காங்கிரஸின் முன் வைத்தார். ஆகஸ்ட் 6 அன்று அவர் அதில் கையெழுத்திட்டார்.

இச்சட்டம் பழைய அணுகுமுறையைத் தலைகீழாக மாற்றியது. 1964 நவம்பரில் தேர்வு முறையைக் கடைப்பிடித்த மாநிலத்திலோ கவுண்டியிலோ, வாக்களிக்கும் வயதுடையோருள் பாதிக்கும் குறைவானவர்களே பதிவு பெற்றிருந்தால் அல்லது அவ்வாண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களித்திருந்தால், அங்குத் தேர்வு உடனே நிறுத்தி வைக்கப்படும். ஒவ்வொரு அலுவலரின் பாகுபாட்டையும் தனித்தனியே மெய்ப்பிக்க வேண்டிய தேவை நீங்கியது. தேவையான இடங்களுக்கு நடுவண் அரசின் பதிவாளர்கள் அனுப்பப்பட்டனர். 1966இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தை உறுதி செய்தது.

மிசிசிப்பியில் சட்டத்துக்கு முன் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவருள் 6.7 விழுக்காட்டினரே பதிவு பெற்றிருந்தனர். 1967இல் அது 59.8 விழுக்காடாக உயர்ந்தது. அவ்விரண்டு ஆண்டுகளில் மக்களின் அறிவு ஒன்பது மடங்கு பெருகிவிடவில்லை. இடையே நின்ற தடை அகன்றது, அவ்வளவே.

தெற்கில் மட்டுமன்றி வடக்கிலும் இச்சட்டம் மாற்றம் ஏற்படுத்தியது. நியூயார்க் மாநிலம் 1921 முதல் ஆங்கில எழுத்தறிவைப் புதிய வாக்காளர்களிடம் கோரி வந்தது. இதனால் ஸ்பானிய மொழியில் கல்வி கற்ற போர்ட்டோ ரிக்கோ மக்கள் வாக்களிக்க இயலவில்லை. அமெரிக்கக் கொடியின்கீழ் இயங்கும் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தவருக்கு, அவர் கற்ற மொழி எதுவாயினும், வாக்குரிமை மறுக்கக் கூடாது என 1965ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1970இல் தேர்வுகளுக்கான தடை நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. 1975இல் அது நிலையானதாயிற்று. 2013இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தின் கண்காணிப்புக்கு உரிய பகுதிகளை வரையறுக்கும் விதியை நீக்கியது. தேர்வுகளுக்கான நாடு தழுவிய தடை அத்தீர்ப்பால் மாறவில்லை.

குடியுரிமைத் தேர்வு

வாக்காளர் தேர்வு மறைந்தாலும், குடியுரிமை கோருவோருக்கான தேர்வு தொடர்கிறது. 1790ஆம் ஆண்டுச் சட்டம் சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டுமே குடியுரிமை பெறும் வாய்ப்பைத் தந்தது. 1870இல் ஆப்பிரிக்க மரபினருக்கு அது விரிவாக்கப்பட்டது. இந்தியர்கள் வெள்ளையர் அல்லர் என்று 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 1946இல்தான் இந்தியருக்கு வழி திறந்தது. அதாவது நெடுங்காலம் வரை அரசியலறிவைக் காட்டும் வாய்ப்பே பலருக்கு இருக்கவில்லை.

1906ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலம் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்றது. அரசைப் பற்றிய வினாக்களை நீதிபதிகள் தம் விருப்பப்படி கேட்டனர். ஒருவர் எளிதாகக் கேட்பார், மற்றொருவர் கடுமையாகக் கேட்பார். அமெரிக்க வரலாறு, அரசின் கொள்கைகள், அதன் வடிவம் ஆகியவற்றைப் பற்றிய அறிவு வேண்டும் என்னும் விதி 1950இல் சட்டமாயிற்று. 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் அதனைத் தக்கவைத்துக் கொண்டு, குடியுரிமைக்கான இனத் தடையை நீக்கியது.

இன்றைய நிலையில் வினாக்களும் அவற்றின் விடைகளும் முன்கூட்டியே வெளியிடப்படுகின்றன. 2008 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த தேர்வில் 100 வினாக்கள் கொண்ட பட்டியல் இருந்தது. நேர்காணலில் அலுவலர் பத்து வினாக்கள் வரை வாய்மொழியாகக் கேட்பார். ஆறுக்குச் சரியான விடை கூறினால் தேர்ச்சி. நாட்டின் உயர்ந்த சட்டம் எது, அரசியலமைப்புக்கு எத்தனை திருத்தங்கள் உள்ளன, அரசின் ஒரு பிரிவு அளவுக்கு மீறிய அதிகாரம் பெறாமல் தடுப்பது எது என்பன போன்றவை அவ்வினாக்கள். தவறியவர் மீண்டும் ஒரு முறை எழுத வாய்ப்பு உண்டு. நிரந்தர வசிப்புரிமையுடன் நீண்ட காலம் வாழ்ந்த முதியோருக்கு ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது. ஐம்பது வயதைக் கடந்து இருபது ஆண்டுகள் வசித்த ஒருவர் மொழிபெயர்ப்பாளர் துணையுடன் தம் தாய்மொழியில் விடையளிக்கலாம். எனவே இத்தேர்வைத் தமிழிலும் எதிர்கொள்ள முடியும்.

பாடத்திட்டம், தேர்ச்சி எல்லை, மறுவாய்ப்பு ஆகிய மூன்றும் இருப்பதால் இது பழைய வாக்காளர் தேர்விலிருந்து அடிப்படையிலேயே வேறுபடுகிறது. எனினும் இதுவும் அரசியலுக்கு அப்பாற்பட்டதன்று. 2020 டிசம்பரில் பட்டியல் 128 வினாக்களாக உயர்த்தப்பட்டது. இருபது வினாக்களில் பன்னிரண்டுக்குச் சரியான விடை வேண்டும் என்றாயிற்று. செனட் உறுப்பினர் யாருடைய பிரதிநிதி என்னும் வினாவுக்கு முன்பு 'மாநிலத்தின் மக்கள் அனைவரும்' என்பது விடை. புதிய பட்டியலில் அது 'மாநிலத்தின் குடிமக்கள்' என மாற்றப்பட்டது. குடியுரிமை இல்லாதவரும் மக்கள்தொகையில் கணக்கிடப்பட்டே மாநிலங்களுக்குப் பிரதிநிதிகள் அவை இடங்கள் ஒதுக்கப்படுவதால், இம்மாற்றம் கடும் விவாதத்துக்கு உள்ளானது. 2021 மார்ச்சில் 2008ஆம் ஆண்டுத் தேர்வே மீண்டும் கொண்டு வரப்பட்டது. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்போருக்கு, 2020ஆம் ஆண்டுப் பட்டியலை அடிப்படையாகக் கொண்ட 128 வினாத் தேர்வு நடைமுறைக்கு வந்தது. சரியான விடை எது என்பதும் ஆட்சியில் இருப்போரால் தீர்மானிக்கப்படக் கூடியது என்பதை இம்மாற்றங்கள் காட்டுகின்றன.

பிறப்பால் குடிமக்களானோரின் அறிவு

குடியேறிகளிடம் கேட்கப்படும் வினாக்களுக்குப் பிறப்பால் குடிமக்களானோர் எவ்வாறு விடையளிப்பர் என்பது இயல்பாக எழும் கேள்வி. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் அனன்பர்க் மையம் ஆண்டுதோறும் இதனைக் கேட்டு வருகிறது. அரசின் மூன்று பிரிவுகளையும் கூறத் தெரிந்தவர்கள் 2016இல் 26 விழுக்காட்டினர். 2022இல் 47 விழுக்காட்டினர். எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு நாடளாவிய அளவில் நடத்தப்படும் குடிமையியல் மதிப்பீட்டில், 2022இல் நூற்றுக்கு இருபத்திரண்டு பேரே திறன் பெற்றோர் நிலையை எட்டினர்.

இக்குறைபாட்டைப் போக்க அரிசோனா மாநிலம் 2015இல் ஒரு சட்டம் இயற்றியது. குடியுரிமைத் தேர்வின் நூறு வினாக்களில் அறுபதுக்கேனும் சரியான விடையளித்தால்தான் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை நிறைவு செய்ய முடியும் என்பது அச்சட்டம். வேறு பல மாநிலங்களும் இதனை ஒத்த விதிகளை இயற்றின. இவற்றை ஆதரிப்போர், அடிப்படைச் செய்திகள் தெரியாமல் அரசியலை விவாதிக்க முடியாது என்கின்றனர். எதிர்ப்போர், நூறு விடைகளை மனப்பாடம் செய்வது குடிமைக் கல்வி ஆகாது என்கின்றனர். சட்டம் எவ்வாறு உருவாகிறது, ஊர்ச் சபையில் எவ்வாறு கோரிக்கை வைப்பது, செய்தியின் உண்மையை எவ்வாறு சோதிப்பது என்பனவற்றைத் தேர்வுத் தாள் அளக்காது என்பது அவர்களின் வாதம்.

மதிப்பீடு

அமெரிக்க அரசியலறிவுத் தேர்வுகளின் வரலாற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம்.

முதலாவதாக, தேர்வின் தன்மையை வினாக்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. அரசியலமைப்பைப் பற்றிய அதே வினா, செல்மாவின் பதிவு அலுவலகத்தில் தடையாகவும் ஜான்ஸ் தீவின் கடைப் பின்னறையில் பாடமாகவும் இருந்தது. கேட்பவர் யார், திருத்துபவர் யார், முடிவை எதிர்த்து முறையிட இடமுண்டா என்பவையே வேறுபாட்டை உண்டாக்கின.

இரண்டாவதாக, அறிவைக் கோரும் அரசு அதனைக் கற்கும் வாய்ப்பையும் அளித்திருக்க வேண்டும். கறுப்பினச் சிறுவர்களுக்குக் குறைந்த நிதியும் குறைந்த பள்ளி நாள்களும் ஒதுக்கிய மாநிலங்களே, அவர்கள் வளர்ந்தபின் எழுத்தறிவில்லை என்று வாக்குரிமையை மறுத்தன. பள்ளியில் இழைத்த அநீதி வாக்குச்சாவடியில் காரணமாகக் காட்டப்பட்டது.

மூன்றாவதாக, தேர்வில் தவறுவதால் இழப்பது எது என்பதைப் பார்க்க வேண்டும். பள்ளித் தேர்வில் தவறிய மாணவர் மீண்டும் எழுதலாம். குடியுரிமைத் தேர்வில் தவறியவர் மறுவாய்ப்புப் பெறலாம். வாக்காளர் தேர்வில் தவறியவரோ, அத்தேர்வை நீக்கக் கூடிய ஒரே கருவியையும் சேர்த்தே இழந்தார். தேர்வை இயற்றிய சட்டமன்றத்தை மாற்ற அவருக்கு வாக்கு இல்லை. அதனாலேயே அத்தேர்வு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு நீடித்தது. அதனை முடிவுக்குக் கொண்டுவர மாநிலத்துக்கு வெளியிலிருந்து ஒரு சட்டம் தேவைப்பட்டது.

அரசியலறிவு ஒரு மக்களாட்சிக்கு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. அதனை உரிமைக்கு முன்நிபந்தனையாக வைத்தபோது அமெரிக்காவில் அறிவும் வளரவில்லை, உரிமையும் நிலைக்கவில்லை. ஜான்ஸ் தீவில் முதியவர்கள் இரவு விளக்கொளியில் எழுத்துக் கூட்டிப் படித்தது வாக்கு என்னும் பயன் கண்முன் இருந்ததால்தான். உரிமை கிடைக்கும் என்னும் நம்பிக்கையே அங்கு அறிவைத் தேட வைத்தது.